அப்பாவின் பெட்டியில் ஒரு பாதரச மீட்டர்

கேள்வி: என் அப்பா வீடு வீடாகச் சென்று மின் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவர். சென்ற ஆண்டு காலமானார். அவருடைய மரப்பெட்டியைத் திறந்தபோது ஒரு பழைய கருவி கிடைத்தது. ஒடுங்கிய இரும்புக் கூடு, அதனுள் முழுக்க மூடப்பட்ட கண்ணாடிக் குழாய், குழாயில் வெள்ளிபோல மின்னும் திரவம், பக்கத்தில் கோடு போட்ட அளவுகோல். புகைப்படங்களை இணைத்திருக்கிறேன். நான்கு மாதங்களாக எங்கள் வீட்டு டிஜிட்டல் மீட்டர் அளவுக்கு மீறிக் காட்டுகிறது என்று எனக்குச் சந்தேகம். "அந்தக் காலத்து மீட்டர் பொய் சொல்லாது" என்று அப்பா அடிக்கடி சொல்வார். இதை மெயின் போர்டில் சேர்த்து, புதிய மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமா? தெரிந்த எலக்ட்ரீஷியன் மாட்டித் தருவதாகச் சொல்கிறார். இது என்ன கருவி என்றும் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள ஐயா,

செய்யக்கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவியை மெயின் போர்டில் சேர்க்காதீர்கள். மாட்டித் தருவதாகச் சொன்னவரிடம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். கூட்டைக் கழற்றித் துடைக்கவோ, குழாயைச் சாய்த்துப் பார்க்கவோ வேண்டாம். உள்ளே மின்னுவது பாதரசம்.

மூடிய குழாய்க்குள் இருக்கும்வரை அது யாரையும் ஒன்றும் செய்யாது. ஆகவே பயந்துபோய் இன்றைக்கே குப்பையில் போட்டுவிடாதீர்கள். அது இன்னும் பெரிய தவறு. கருவியை நிமிர்ந்த நிலையிலேயே, நல்ல மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிக்குள், சுற்றிலும் துணி திணித்து வையுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாத, வெயில் படாத இடமாக இருக்கட்டும். என்றாவது உடைந்துவிட்டால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறையிலிருந்து வெளியே அனுப்புங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் பாதரசம் இன்னும் சிறு மணிகளாகச் சிதறும். வாக்குவம் கிளீனர் அதன் ஆவியை அறை முழுக்கப் பரப்பிவிடும். கெட்டியான அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சி, இறுக மூடும் புட்டியில் அடைத்து, அபாயக் கழிவுகளைப் பெறும் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். தொட்டியில் கழுவி ஊற்றக்கூடாது. அந்த வேலையில் இறங்கும் முன் விரலில் இருக்கும் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக் கலந்துவிடும்.

இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மீட்டர் சோதனைக் கூடத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் இதுபோல உடைந்த குழாயைச் சாதாரணத் துணியால் துடைத்து, துணியை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனார். பல நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை அந்த இழுப்பறையைத் தினமும் திறந்து மூடிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

இனி, அது என்ன என்பதைப் பார்ப்போம். உங்கள் புகைப்படத்தில் குழாயின் மேற்பகுதியில் ஒரு வளையம்போன்ற பள்ளத்தில் பாதரசம் நிற்கிறது. கீழே ஒடுங்கிய ஒரு கிளைக்குழாய் இறங்குகிறது. அதை ஒட்டித்தான் அளவுகோல் இருக்கிறது. இது மின்னாற்பகுப்பு மீட்டர். இங்கிலாந்தில் பிரைட்டன் நகர மின் நிலையத்தில் பொறியாளராக இருந்த ஆர்தர் ரைட்டின் பெயரால் அறியப்படும் வகை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எப்போதும் ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்சாரம் வந்த வீடுகளில் இவை சுவரில் தொங்கின.

வேலை செய்யும் விதம் எளிது. வீட்டுக்குள் போகும் மின்னோட்டத்தில் ஒரு சிறு பங்கு மட்டும் இந்தக் குழாய்க்குள் திருப்பிவிடப்படும். மேலே இருக்கும் பாதரசம் சிறிது சிறிதாக, குழாயை நிரப்பியிருக்கும் கரைசலுக்குள் போய், எதிர்முனையில் மீண்டும் பாதரசமாகப் படியும். படிந்தது நுண்துளியாகத் திரண்டு ஒடுங்கிய குழாய்க்குள் விழும். எவ்வளவு மின்சாரம் ஓடியதோ அவ்வளவு பாதரசம் கீழே சேரும். அதன் மட்டம் அளவுகோலில் எந்தக் கோட்டில் நிற்கிறதோ, அதுதான் செலவான யூனிட். குழாய் நிறைந்ததும் கணக்கெடுப்பவர் வந்து அதைக் கவிழ்ப்பார். பாதரசம் மேலே திரும்பிப் போகும். கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். உங்கள் கருவியின் ஓரத்தில் ஒரு கீல் தெரிகிறதே, அது இந்தக் கவிழ்ப்புக்காகத்தான்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். நொடிக்கு 50 அல்லது 60 முறை அது முன்னும் பின்னுமாக ஓடுகிறது. முதல் பாதியில் ஒரு முனையில் படிவதை அடுத்த பாதி அப்படியே கழற்றிவிடும். நாள் முழுக்க ஹீட்டரும் மோட்டாரும் ஓடினாலும் பாதரசம் ஒரு கோடுகூட ஏறாது. ஒப்பிடுவதற்கு உங்களுக்குக் கிடைக்கப்போவது பூஜ்யம் மட்டுமே. அதற்காகப் பழைய உலர்ந்த காப்புப் பொருளையும், எர்த் இணைப்பு இல்லாத இரும்புக் கூட்டையும், உடையக்கூடிய பாதரசக் குழாயையும் மின்சாரம் ஓடும் வழியில் வைப்பது வீண் ஆபத்து. எலக்ட்ரீஷியனுக்குத் தொழில் தெரியாது என்று நான் சொல்லவில்லை. இந்த வகை மீட்டரை அவர் வாழ்நாளில் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உட்கார வைத்தது மின் இணைப்பைப் பற்றிய கேள்வி அல்ல. அந்தக் காலத்து மீட்டர் பொய் சொல்லாது என்ற உங்கள் அப்பாவின் சொல்தான். மீட்டரோடு வாழ்ந்த ஒருவர் சொன்னது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அப்படியே ஏற்கவும் முடியாது. வீட்டு மின்சாரத்தை அளக்க முதலில் என்னென்ன செய்தார்கள் என்று பார்த்தால், அவர் சொன்னதில் எது உண்மை என்பது விளங்கும்.

மின்சாரத்தை விற்கத் தொடங்கியவர்கள் முதலில் விளக்குகளைத்தான் எண்ணினார்கள். உன் வீட்டில் இத்தனை விளக்கு, ஆகவே இவ்வளவு கட்டணம் என்பதே கணக்கு. இதில் சிக்கனமாக இருப்பவருக்கும் விடிய விடிய எரியவிடுபவருக்கும் வித்தியாசமே இல்லை. அடுத்த படி, நேரத்தை எண்ணுவது. அமெரிக்காவில் சாமுவேல் கார்டினர் என்பவர் 1872-இல் காப்புரிமை பெற்ற கருவியில் ஒரு கடிகாரமும் ஒரு மின்காந்தமும் இருந்தன. விளக்கு எரியும்போது மின்காந்தம் கடிகாரத்தை ஓடவிடும், அணைத்தால் நிறுத்திவிடும். விளக்கு எத்தனை மணிநேரம் எரிந்தது என்று தெரியும், அவ்வளவுதான். எல்லா விளக்கும் ஒரே சுவிட்சில் எரிந்து அணைந்தால் இது போதும். அறைக்கு அறை தனி சுவிட்ச் வந்தவுடன் போதாமல் போய்விட்டது.

எடிசனின் மின் நிலையம் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் 1882 செப்டம்பர் 4-ஆம் தேதி இயங்கத் தொடங்கியது. வீடுகளுக்கு எரிவாயுவை அளந்து விற்ற நிறுவனங்கள்தான் அவருக்கு முன்மாதிரி. எரிவாயுவுக்கு மீட்டர் இருந்தது; மின்சாரத்துக்கும் ஒன்று வேண்டும். மைக்கேல் ஃபாரடே 1830-களிலேயே வகுத்துத் தந்த விதி அவருக்குக் கைகொடுத்தது: கரைசல் வழியே ஓடும் மின்சாரத்தின் அளவுக்கு நேர் விகிதத்தில் உலோகம் ஒரு தகட்டிலிருந்து இன்னொரு தகட்டுக்கு நகரும். எடிசன் ஒரு கண்ணாடி ஜாடியில் துத்தநாக சல்பேட் கரைசலை ஊற்றி, இரண்டு துத்தநாகத் தகடுகளைத் தொங்கவிட்டார். வீட்டுக்குப் போகும் மின்னோட்டத்தில் மிகச் சிறிய பங்கு மட்டும் ஜாடி வழியே போகும். மாதம் ஒருமுறை ஆள் வந்து தகடுகளை எடுத்துச் செல்வார். நிலையத்தில் அவற்றைக் கழுவி, உலர்த்தி, நுட்பமான தராசில் நிறுப்பார்கள். எடை எவ்வளவு மாறியதோ அவ்வளவு கட்டணம்.

அந்த நிறுவையின் நுட்பத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணிநேரம் ஓடினால் 1.22 கிராம் துத்தநாகம் நகரும். முக்கால் ஆம்பியர் இழுக்கும் ஒரு விளக்கு தினமும் 4 மணிநேரம் எரிவதாகக் கொள்வோம். 30 நாளில் 90 ஆம்பியர் மணி. ஜாடிக்குள் ஆயிரத்தில் ஒரு பங்குதான் போகிறது என்று வைத்தால், நகர்ந்த துத்தநாகம் ஏறக்குறைய 0.11 கிராம். ஒரு குன்றிமணி எடை. ஒரு மாதம் முழுக்க எரிந்த விளக்கின் கணக்கு அந்தக் குன்றிமணிக்குள் இருந்தது. தகட்டைக் கழுவும்போது சிறு துணுக்கு உதிர்ந்தாலும், சரியாக உலராமல் ஈரம் நின்றாலும், யாரோ ஒருவர் பல நாள் விளக்கேற்றியதற்கான பணம் கூடவோ குறையவோ செய்யும்.

ஜாடிக்கு வேறு தொல்லைகளும் இருந்தன. குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடும். அதற்காகப் பெட்டிக்குள்ளேயே ஒரு விளக்கை வைத்தார்கள். குளிர் கூடினால் ஈருலோகப் பட்டை வளைந்து அந்த விளக்கை எரியவிடும். சூடு வந்ததும் அணைத்துவிடும். வெப்பம் கூடினால் கரைசலின் மின்தடை குறையும்; செம்பின் மின்தடையோ கூடும். ஆகவே கரைசலோடு ஒரு செம்புக் கம்பிச் சுருளைச் சேர்த்து, ஒன்றின் பிழையை மற்றது சரிக்கட்டும்படி செய்தார்கள். 33 ஆண்டு மீட்டர்களைச் சோதித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தச் செம்புச் சுருள் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு. பிழையை ஒழிக்க முடியாத இடத்தில் அதற்கு எதிரான இன்னொரு பிழையைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைக்கும் அறிவு அது. பின்னால் வந்த மீட்டர்களிலும் இந்த வழியை மீண்டும் மீண்டும் பார்க்கிறோம்.

இவ்வளவு இருந்தும் எடிசனின் ஜாடி நிலைக்கவில்லை. நான் கருதும் முதல் காரணம், வீட்டுக்காரரால் அதைப் படிக்க முடியவில்லை என்பது. அவர் கண்முன் இருந்தது இரண்டு சாம்பல் நிறத் தகடுகள். அவற்றை ஓர் ஆள் தூக்கிக்கொண்டு போகிறார். எங்கோ ஓரிடத்தில் நிறுக்கிறார்கள். பிறகு ஒரு தொகை வருகிறது. எரிவாயு மீட்டரின் முள்ளைத் தன் கண்ணால் பார்த்துப் பழகிய மனிதருக்கு இது எப்படி இருந்திருக்கும்? நிறுத்தவர்கள் நேர்மையாகவே நிறுத்திருக்கலாம். ஆனால் அந்த நேர்மையைச் சரிபார்க்க அவரிடம் ஒரு வழியும் இல்லை.

இங்கேதான் உங்கள் பெட்டியில் இருக்கும் கருவி எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதே ஃபாரடே விதி, அதே மின்னாற்பகுப்பு. ஆனால் தராசு வேண்டாம். உலோகத்தைத் திரவமாக வைத்து, கோடு போட்ட குழாயில் விழவிட்டதால், வீட்டில் உள்ள யார் வேண்டுமானாலும் எந்த நாளும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பாஸ்டியன் மீட்டர் என்று இன்னொன்றும் அந்த நாளில் இங்கிலாந்தில் இருந்தது. அதில் மின்சாரம் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும். நீர்மட்டம் எவ்வளவு இறங்கியதோ அதுதான் கணக்கு. தானாக ஆவியாகிவிடாமல் இருக்க மேலே எண்ணெய்ப் படலம். குறைந்த நீரைக் கணக்கெடுப்பவர் மீண்டும் ஊற்றி நிரப்புவார். இரண்டிலும் உராயும் சக்கரமோ அச்சோ இல்லை. அதனால் ஒரே ஒரு சிறு விளக்கு எரிந்தாலும் கணக்கில் வரும். அந்தக் காலத்துச் சுழலும் மீட்டர்கள் பல, அச்சின் உராய்வை வெல்ல முடியாமல், சிறு மின்னோட்டத்துக்கு அசையாமலே நின்றன. ஆகவே உங்கள் அப்பாவின் சொல்லில் உண்மை இருக்கிறது: பாதரச மீட்டர் சிறு செலவையும் விடாமல் எண்ணியது, எண்ணியதை மறைக்காமல் காட்டியது.

ஆனால் அது சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. நாம் பணம் கொடுப்பது ஆற்றலுக்கு. ஆற்றல் என்பது மின்னழுத்தம், மின்னோட்டம், நேரம் மூன்றின் பெருக்கல். எடிசனின் ஜாடிக்கும் உங்கள் குழாய்க்கும் மின்னோட்டமும் நேரமும் மட்டுமே தெரியும். மின்னழுத்தம் எப்போதும் நிறுவனம் அறிவித்த அளவிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டு அளவுகோலில் யூனிட் கோடுகளைப் போட்டுவிட்டார்கள். மின் நிலையத்திலிருந்து தொலைவில் இருந்த வீட்டில் மாலையில் மின்னழுத்தம் இறங்கி விளக்கு மங்கலாக எரியும். மீட்டரோ முழு மின்னழுத்தத்துக்கான யூனிட்டையே காட்டும். பெறாத பொருளுக்கு அந்த வீடு பணம் கட்டியது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அதற்குப் பாதிக் கதைதான் தெரிந்திருந்தது.

முழுக் கதையையும் முதலில் சொன்னவர்களில் ஒருவர் பெர்லினைச் சேர்ந்த ஹெர்மன் ஆரோன். 1880-களில் அவர் உருவாக்கியது உண்மையில் இரண்டு கடிகாரங்கள். இரண்டுக்கும் ஊசல் உண்டு. ஒன்றின் ஊசல் நுனியில் முதலில் காந்தத்தை வைத்தார். பின்னர் மின்னழுத்தத்தோடு இணைந்த கம்பிச் சுருளை வைத்தார். கீழே மின்னோட்டம் பாயும் இன்னொரு சுருள். வீட்டில் மின்சாரம் செலவாகும்போது அந்த ஊசல் மட்டும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும். இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே உண்டாகும் வித்தியாசத்தைப் பல்சக்கரங்கள் எண்ணாக மாற்றின. ஆதலால் அது ஆற்றலையே அளந்தது. நேர்திசை, மாறுதிசை இரண்டுக்கும் பொருந்தியது. முதலில் வந்தவற்றுக்குச் சாவி கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு மின்சாரமே சாவி கொடுக்கும்படி செய்தார். இரண்டு கடிகாரங்களையும் இயல்பாகவே சமமாக ஓட வைப்பது கடினம் என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அவற்றின் வேலையை இடம் மாற்றி, ஒன்றின் பிழையை மற்றொன்று அழிக்கும்படியும் அமைத்தார். மீண்டும் அதே செம்புச் சுருள் தந்திரம்! மிக நுட்பமான கருவி. ஆனால் விலை கூடியது, ஏழை வீட்டுச் சுவருக்கு ஏற்றதல்ல. 1890-இல் பாரிஸில் நடந்த மீட்டர் போட்டியில் அமெரிக்கப் பொறியாளர் எலிஹு தாம்சனோடு ஆரோன் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தாம்சனின் கருவி ஒரு சிறு மோட்டார். அதன் அச்சில் ஒரு செம்புத் தட்டு. தட்டைக் கவ்வியதுபோல நிலைக்காந்தங்கள். இந்தக் காந்தத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. மோட்டாரைத் தள்ளும் விசை, செலவாகும் திறனுக்கு ஏற்ப இருக்கும். தடுக்க எதுவும் இல்லாவிட்டால் அது வேகம் கூடிக்கொண்டே போகும். காந்தத்துக்கு இடையே தட்டு சுழலும்போது அதில் சுழல் மின்னோட்டங்கள் தோன்றி அதைப் பின்னுக்கு இழுக்கும். வேகம் கூடினால் இழுப்பும் கூடும். தள்ளும் விசையும் இழுக்கும் விசையும் சமமாகும் இடத்தில் வேகம் நின்றுவிடும். அந்த வேகம் திறனுக்குச் சரியாக நேர் விகிதத்தில் இருக்கும். ஆக, சுற்றுகளை எண்ணினால் ஆற்றலை எண்ணியதாகிறது. இன்றும் சில வீடுகளில் சுழலும் அலுமினியத் தட்டு மீட்டரிலும் இதே காந்தம்தான் இருக்கிறது.

மாறுதிசை மின்சாரத்துக்கான வழி ஒரு தற்செயலில் பிறந்தது. 1888 ஏப்ரலில், வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் பொறியாளர் ஆலிவர் ஷாலன்பெர்கர் ஒரு புதிய வில்விளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதிலிருந்து கழன்ற சிறு சுருள்வில் ஒன்று மின்காந்தத்தின் விளிம்பில் விழுந்து, மெல்லத் திரும்பியது. யாரும் தொடவில்லை. மாறும் காந்தப் புலம்தான் அதைச் சுழற்றுகிறது என்று அவர் புரிந்துகொண்டு, சில வாரங்களிலேயே ஒரு மீட்டரைச் செய்துவிட்டார். அதுவும் மின்னோட்டத்தை மட்டுமே எண்ணியது. மறு ஆண்டே, புடாபெஸ்டில் கான்ஸ் நிறுவனத்தில் இருந்த ஓட்டோ பிளாத்தி, மின்னழுத்தத்துக்கு ஒரு சுருள், மின்னோட்டத்துக்கு ஒரு சுருள் என வைத்து, ஆற்றலையே அளக்கும் தூண்டல் மீட்டரைக் கொண்டுவந்தார். மரப்பலகையில் பொருத்திய அந்தக் கருவி 23 கிலோ எடை. நிமிடத்துக்கு 240 சுற்று. 1914-க்குள் அந்த வகை மீட்டரின் எடை 2.6 கிலோவாகக் குறைந்துவிட்டது.

நாம் பேச்சில் சொல்லும் 'யூனிட்' என்பதும் அந்தக் காலத்துச் சொத்துதான். 1000 வாட் திறன் ஒரு மணிநேரம் செலவானால் அதை ஓர் அலகாகக் கொள்வது பிரிட்டனில் வணிக வாரியத்தின் அலகாக வழங்கியது. உங்கள் குழாயின் அளவுகோலில் குறித்திருப்பதும் அதே அலகுதான். அதன் ஒரு கோட்டையும் உங்கள் டிஜிட்டல் மீட்டரின் ஓர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேச முடிகிறது என்பதை எண்ணும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

சரி, உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். அது தீர வேண்டும். அதற்குப் பழைய மீட்டர் தேவையில்லை. உங்கள் புதிய மீட்டரிலேயே ஒரு சிறு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மினுக்குகிறதா பாருங்கள். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு இத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். பழைய குழாயில் விழுந்த பாதரசத் துளிக்கு இன்றைய மாற்று இந்த மினுக்கல்.

முதலில் மீட்டருக்கு அடுத்துள்ள மெயின் சுவிட்சை அணையுங்கள். கால் மணிநேரம் பாருங்கள். மினுக்கல் நிற்க வேண்டும். நிற்காமல் தொடர்ந்தால் மீட்டரிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. உடனே மின் நிறுவனத்துக்கு எழுதுங்கள். நின்றுவிட்டால், வீட்டுச் சாதனங்களின் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, விளக்கு, மின்விசிறி சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, மெயின் சுவிட்சைப் போடுங்கள். இப்போதும் மினுக்கினால், வீட்டு வயரிங்கில் மின்கசிவு இருக்கலாம், அல்லது நீங்கள் மறந்துபோன ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கலாம். 'மீட்டர் வேகமாக ஓடுகிறது' என்று எங்கள் கூடத்துக்கு வந்த புகார்களில் நிறைய இப்படித்தான் முடிந்தன. மீட்டர் சரியாகவே இருக்கும். தானாக அணைய வேண்டிய தண்ணீர் ஹீட்டர் அணையாமலே இருந்திருக்கும்.

அடுத்து, வெப்பச் சாதனம் ஒன்றை மட்டும் போடுங்கள். 1000 வாட் என்று குறித்த ஹீட்டர் இருந்தால் கணக்கு எளிது. ஒரு மணிநேரத்தில் 3200 துடிப்பு என்றால் நிமிடத்துக்கு 53. ஐந்து நிமிடத்தில் 267 வர வேண்டும். உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதை வைத்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். தட்டு சுழலும் மீட்டர் என்றாலும் இதே கணக்குதான்: யூனிட்டுக்கு 600 சுற்று என்று எழுதியிருந்தால் 1000 வாட்டுக்கு நிமிடத்தில் 10 சுற்று. எண்ணும்போது அந்தச் சாதனம் இடையில் தானாக அணைந்து எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் ஹீட்டரின் திறன் 19 சதவீதம் குறையும். ஆகவே 267-க்குப் பதில் 240 வந்தாலோ 280 வந்தாலோ மீட்டரைக் குறை சொல்ல முடியாது. 350, 400 என்று வந்தால் பேச வேண்டிய விஷயம்.

ஹீட்டரில் சரியாக வந்துவிட்டால் புதிய மீட்டர் முழுக்கச் சரி என்று நான் சொல்ல மாட்டேன். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒன்பது மின்னணு மீட்டர்களைச் சோதித்த செய்தி 2017-இல் வெளியானது. டிம்மர் போட்ட எல்.இ.டி. விளக்குகளும் சிறு குழல் விளக்குகளும் மின்னோட்டத்தின் அலைவடிவத்தைக் கடுமையாகச் சிதைத்தபோது, ஐந்து மீட்டர்கள் உண்மைச் செலவைவிட மிக அதிகமாகக் காட்டின. மிக மோசமான நிலையில் 582 சதவீதம் அதிகம். இரண்டு மீட்டர்கள் சுமார் 30 சதவீதம் குறைத்துக் காட்டின. அது ஆய்வகத்தில் வேண்டுமென்றே உண்டாக்கிய கடுமையான நிலை. எல்லா வீட்டிலும் அப்படி நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனாலும் உங்கள் வீட்டில் நான்கு மாதங்களுக்கு முன் டிம்மரோ புதிய விளக்குகளோ வந்தனவா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால், மின் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டு, சரிபார்க்கும் மீட்டர் ஒன்றை உங்கள் வீட்டிலேயே, உங்கள் சாதனங்கள் ஓடும்போதே, வரிசையில் இணைத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீட்டர் சோதனையில் நீங்கள் எண்ணிய எண்களையும், தேதியையும் நேரத்தையும் கடிதத்தோடு வையுங்கள். 'அதிகமாக ஓடுகிறது' என்ற புகாரைவிட, 'ஐந்து நிமிடத்தில் 267 வர வேண்டிய இடத்தில் 390 வந்தது' என்ற புகாருக்கு எந்தப் பொறியாளரும் எழுந்து வருவார். நான் வந்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் நீங்களே செய்யக்கூடாது: ஈய முத்திரை இட்ட மூடியைத் திறக்காதீர்கள். சோதனை எல்லாம் வெளியிலிருந்து பார்த்து எண்ணுவதோடு நிற்கட்டும்.

பாதரச மீட்டரை என்ன செய்வது? வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பினால் நான் சொன்னபடி பாதுகாப்பாக வையுங்கள். பித்தளைத் தகட்டைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். அதில் இருக்கும் வரிசை எண்ணும் மின்னழுத்தமும்தான் அந்தக் கருவியின் பிறப்புச் சான்று. கொடுத்துவிட நினைத்தால், அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றுக்கு முதலில் புகைப்படத்தை அனுப்பி, உள்ளே பாதரசம் இருப்பதை எழுதிக் கேளுங்கள். சொல்லாமல் பார்சலில் அனுப்பிவிடக்கூடாது.

புகைப்படத்தின் ஓரத்தில், மரப்பெட்டிக்குள், நூலால் கட்டிய சில நீள நோட்டுகள் தெரிகின்றன. அவை உங்கள் அப்பாவின் கணக்கெடுப்பு நோட்டுகளாக இருந்தால், கருவியைவிட அவற்றைக் கவனமாக வையுங்கள். இப்படிப்பட்ட கருவிகள் அங்கங்கே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. எந்த வீட்டில், எந்த மாதம், பாதரசம் எந்தக் கோட்டில் நின்றது என்று ஒருவர் தன் கையால் எழுதிய ஏடு கிடைப்பது அரிது. ஈரம் படாத இடத்தில் வைத்து, முடிந்தபோது ஒவ்வொரு பக்கமாகப் புகைப்படம் எடுங்கள். சில பக்கங்களை எனக்கும் அனுப்பினால், அந்தக் குறிப்புகளை எப்படிப் படிப்பது என்று எழுதுகிறேன்.